பந்தடித்தவரும் பயிற்றுவித்தவரும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தைச் சேர்ந்த இளைஞர் நால்வர் என் வீட்டுக்கு வந்தனர். வந்த காரணத்தைச் சுற்றிவளைக்காமலே கூறினர். ஒருகாலத்தில் எங்கள் கழகத்தின் முன்வரிசையில் ஆடிப் பெயர்பெற்று, பின்னர் புலம்பெயர்ந்து சென்ற வீரர் ஒருவர் ஊருக்குத் திரும்பியிருக்கிறார். அவரைக் கழகத்தின் உதைபந்தாட்டப் பயிற்றுநராக நியமிக்கலாமா? முன்னைநாள் செயலாளர் என்ற முறையில் என் கருத்தை அறிய விரும்பினர். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டில் ஒரு சொல்லே அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அந்த ஒரு சொல்லை என்னாற் சொல்ல முடியவில்லை. "ஒரு கிழமை பொறுங்கோ தம்பியவை" என்று கூறி அனுப்பிவிட்டேன். வினா கடினமானது என்பதனாலன்று. அதே வினாவுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அவசரமாக விடையளித்தவர்களுள் நானும் ஒருவன். அந்த விடையின் கணக்கு இன்றுவரை தீர்க்கப்படாமலே கிடக்கிறது. இக்கட்டுரை அவ்விளைஞர்களுக்கு நான் தரவேண்டிய மறுமொழி. எனக்கு நானே தரவேண்டிய மறுமொழியுங்கூட.

இந்த வினா என் மனத்தில் முதன்முதல் விழுந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 1991 பெப்ரவரி. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போய் மாதங்கள் பல கடந்திருந்தன. பற்றரி காண்பதற்கரிய பொருளாயிருந்தது. சந்தியிலிருந்த சைக்கிள் திருத்தும் கடையின் முன்னே சைக்கிளொன்றைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்னைக்கொண்டு வானொலி கேட்பது எங்கள் வழக்கம். குவைத் போர்ச் செய்திகளுக்கிடையே அந்தச் செய்தியும் வந்தது: லிவர்பூல் கழகத்தின் முகாமையாளர் கெனி டல்கிளிஷ் பதவி துறந்துவிட்டார். அப்போது லிவர்பூல் முதலாம் பிரிவுப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. இரண்டு நாட்களுக்கு முன்னர், அதே நகரத்துக் கழகமான எவற்றனுடன் நான்குக்கு நான்கு என்ற கணக்கில் சமனாக முடிந்த ஆட்டமே அவர் அன்று நெறிப்படுத்திய கடைசி ஆட்டமாயிற்று.

பெடலைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் அந்தக் கடைக்காரர். கையை நிறுத்தாமலே அவர் சொன்னார்: "முதலாவதா நிக்கேக்கை ஒருத்தன் விட்டிட்டுப் போறான் எண்டால், அவனுக்குப் பக்கத்திலை ஆர் நிண்டது எண்டெல்லோ கேக்கவேணும்."

நாங்கள் சிரித்தோம். சைக்கிளுக்கு ஒட்டுப்போடுகின்ற மனிதருக்கு லிவர்பூலின் உள்விவகாரம் எப்படித் தெரியும் என்பதே எங்கள் சிரிப்பின் பொருள். இந்தப் பொருளைத் திறப்பதற்குரிய திறவுகோல் அந்த ஒரு வினாவில் இருந்தது என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

புகழ்பெற்ற வீரர் ஒருவர் தம் பழைய கழகத்துக்குப் பயிற்றுநராகத் திரும்புவதை ரசிகர்கள் எவ்வளவு விரும்புகின்றனர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வீட்டை விட்டுப் போன மகன் மீண்டு வருகின்றான் என்ற உணர்ச்சி அதில் இருக்கிறது. அந்த உணர்ச்சியைப் பழிக்க நான் துணியேன். உழைத்துக் களைத்த மனிதனுக்குச் சனிக்கிழமை மாலை ஆட்டமும், அந்த ஆட்டத்தின் நாயகனும் எத்துணை பெரிய ஆறுதல் என்பதை அறிந்தவன் நான். ஆயினும் உணர்ச்சி வேறு, தொழில் வேறு. பந்தடிப்பது ஒரு தொழில். பந்தடிக்கப் பழக்குவது மற்றொரு தொழில். முன்னையதில் வல்லவர் பின்னையதிலும் வல்லவராவார் என்று நம்புவதற்கு என்ன நியாயம் உண்டு?

இதனை ஆராய லிவர்பூலைவிடப் பொருத்தமான கழகம் வேறில்லை. ஒரே கழகத்தில், அக்கழகத்துக்காக முன்னர் ஆடிய மூவர் பின்னர் முகாமையாளராயினர். இங்கிலாந்திற் பயிற்றுநரை முகாமையாளர் என்றே அழைப்பது வழக்கம். மூவர் கதையும் மூன்று விதமாக முடிந்தது.

முதலாமவர் பொப் பெய்ஸ்லி. டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிற் பிறந்தவர். மேசன் வேலையும் பார்த்தவர். 1939 இல் லிவர்பூலிற் சேர்ந்தவரை எவரும் பெருநட்சத்திரம் என்று கூறியதில்லை. 1950 இல் எவ்.ஏ. கிண்ண அரையிறுதியில் எவற்றனுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். ஆனால் இறுதியாட்டத்துக்குரிய பதினொருவரில் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1954 இல் ஆட்டத்தை விட்டார், கழகத்தை விடவில்லை. காயம்பட்ட கால்களைத் தேய்த்துவிடுவதும், இரண்டாம் அணியைப் பழக்குவதும், உடற்கூற்றைத் தாமே கற்பதுமாக இருபது ஆண்டுகள் கழித்தார். 1974 இல், விருப்பமில்லாமலே தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1983 இல் ஓய்வுபெறும்போது ஆறு இலீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களும் அவர் கணக்கில் இருந்தன.

இவ்வெற்றிக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. ஸ்கொத்லாந்தின் சுரங்கக் கிராமமொன்றிலிருந்து வந்த பில் ஷாங்க்லி 1959 டிசெம்பரில் முகாமையாளராக வந்தபோது, அங்கிருந்த உதவியாளர்களை நீக்காமல் தம்மோடு வைத்துக்கொண்டார். அவர்கள் வீரர்களின் பூட்ஸ்களை அடுக்கி வைக்கும் சிறிய அறையில் அமர்ந்து பேசினர். ஆசனம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை; பியர்ப் பெட்டிகளே ஆசனங்கள். பெய்ஸ்லி, ஜோ பேகன், றூபன் பெனற், பின்னர் றொனி மொறான், றோய் எவன்ஸ் என அங்கு கூடியவர்கள் அன்றாடப் பயிற்சியைக் குறிப்பேடுகளிற் பதிந்து வைத்தனர். யார் எப்போது காயமுற்றார், என்ன பயிற்சிக்குப் பின் உற்றார், எந்த வானிலையில் என்ன செய்தோம் என்பவை எழுத்தில் இருந்தன. ஒருவர் போனால் அடுத்தவர் அந்த அறையிலிருந்தே எழுந்து வந்தார். தனிமனிதனின் மேதைமை அன்று அது. தொழிலாளர் சிலர் கூடிச் சேமித்த அறிவு.

இரண்டாமவர் கெனி டல்கிளிஷ். 1977 இல் செல்ரிக் கழகத்திலிருந்து வந்தவர். லிவர்பூல் கண்ட மிகப்பெரிய வீரர்களுள் ஒருவர். 1985 மே 29 ஆம் திகதி பிறசெல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் 39 பேர் மாண்ட அவலத்தின் அடுத்த நாள், 34 வயதில், ஆடிக்கொண்டிருக்கும்போதே அவர் முகாமையாளரானார். முதற் பருவத்திலேயே இலீக் பட்டமும் எவ்.ஏ. கிண்ணமும் கிடைத்தன. 1986 மே 3 ஆம் திகதி செல்சிக்கு எதிரான ஆட்டத்திற் பட்டத்தை உறுதிசெய்த ஒரேயொரு கோலை அவரே அடித்தார். 1988 இலும் 1990 இலும் மீண்டும் இலீக் பட்டங்கள். 1989 இல் மீண்டும் எவ்.ஏ. கிண்ணம்.

'பார்த்தீர்களா, பெருவீரர் பெரும் பயிற்றுநரானார்!' என்று முழங்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. தொடக்க காலத்தில் ஓய்வுபெற்ற பெய்ஸ்லி அவருக்கு ஆலோசகராகப் பக்கத்தில் இருந்தார். மொறானும் எவன்சும் நாள்தோறும் மைதானத்தில் இருந்தனர். டல்கிளிஷ் தம் புகழோடு வந்தார் என்பது மெய். ஆனால் வெறுமையான ஒரு வீட்டுக்குள் அவர் வரவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

பின்னர் 1989 ஏப்ரில் 15 வந்தது. ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பறோ அரங்கில் நெரிசலில் நசுங்கியோர் தொகை, பல ஆண்டுகளின் பின் இறந்தவரையும் சேர்த்து, 97. டல்கிளிஷ் இறுதிச் சடங்குகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றார். ஒரே நாளில் நான்கு சடங்குகளுக்குச் சென்றதும் உண்டு. ஒரு நகரத்தின் துயரத்தை ஒரு மனிதன் இரண்டு ஆண்டுகள் சுமந்தான். 1991 பெப்ரவரியில் அவரை வீழ்த்தியது தோல்வியன்று, அந்தப் பாரமே. ஆட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆட்கள் இருந்தனர். துயரத்தில் இருந்தனரா? சைக்கிள் கடைக்காரர் கேட்டது இதைத்தான் போலும்.

மூன்றாமவர் கிறேம் சூனெஸ். 1984 இல் லிவர்பூல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது அணித்தலைவர். பயிற்றுநர் தொழிலைக் கல்லாமல் வந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கிளாஸ்கோவின் றேஞ்சர்ஸ் கழகத்தில் பட்டங்கள் வென்றார். அதைவிடப் பெரிது மற்றொன்று: கத்தோலிக்கரைச் சேர்ப்பதில்லை என்று நெடுங்காலம் வழக்காக இருந்த அக்கழகத்தில், 1989 இல் கத்தோலிக்கரான மோ ஜோன்ஸ்ரனைக் கொண்டுவந்து அந்த வேலியை உடைத்தார். எதிர்ப்பு வெடித்தது, அவர் அசையவில்லை. அத்தகைய துணிவு எத்தனை கழக நிருவாகிகளுக்கு உண்டு என்று எண்ணிப்பார்க்கிறேன். இவ்வினாவை என்னை நோக்கியே கேட்க வேண்டியவன் நான் என்பது பின்னர் தெரியவரும்.

1991 ஏப்ரிலில் சூனெஸ் தம் பழைய கழகத்துக்கு வந்தார். மொறானும் எவன்சும் அங்கேதான் இருந்தனர். ஆனால் அவருக்கு எல்லாம் உடனே மாறவேண்டியிருந்தது. அனுபவமிக்க வீரர்கள் விரைந்து விற்கப்பட்டனர். 1992 இல் எவ்.ஏ. கிண்ணம் கிடைத்தது, இலீக்கில் இருமுறை ஆறாமிடம். அவர் காலத்திலேயே அந்த பூட்ஸ் அறை இடிக்கப்பட்டுப் பத்திரிகையாளர் கூடம் விரிவாக்கப்பட்டது. இடித்தது அவரா, நிருவாகமா என்பதன்று என் வினா. இடிக்கலாம் என்று தோன்றும் நிலை வந்துவிட்டதே, அதுதான்.

அதனினும் கொடியது ஒன்று நிகழ்ந்தது. ஹில்ஸ்பறோவில் மாண்டோர் மீது அபாண்டம் சுமத்தி, அந்நகர மக்களால் வெறுத்தொதுக்கப்பட்ட பத்திரிகைக்கே, தம் இருதய சத்திரசிகிச்சை பற்றிய செவ்வியை சூனெஸ் வழங்கினார். அவ்வவலத்தின் மூன்றாவது நினைவு நாளன்றே அது வெளியாயிற்று. பின்னர் அவர் வருந்தினார்; வருத்தத்தை வெளிப்படையாகவும் கூறினார். ஆயினும் காயம் ஆறவில்லை. அவருக்கு அக்கழகத்தின் மைதானத்தில் ஒவ்வோர் அங்குலமும் தெரியும். தாம் இல்லாத ஆண்டுகளில் அதன் மக்கள் அடைந்த துயரம் தெரியவில்லை. பழைய கழகத்துக்குத் திரும்புவோர் தாம் விட்டுச்சென்ற கழகத்துக்கே திரும்புவதாக எண்ணுகின்றனர். கழகம் இடையில் வேறொன்றாகிவிட்டதை அவர்கள் காண்பதில்லை. 1994 ஜனவரியில் சூனெஸ் விலகினார்.

இம்மூவர் கதையோடு மற்றொரு சான்றும் உண்டு. 2011 ஜனவரியில் அதே டல்கிளிஷ், பத்தாண்டுகளுக்கு மேல் பயிற்சிப் பணியிலிருந்து ஒதுங்கியிருந்தவர், மீண்டும் அழைக்கப்பட்டார். அரங்கு ஆனந்தக் கூத்தாடிற்று. 2012 இல் இலீக் கிண்ணம் ஒன்று கிடைத்தது, இலீக்கில் எட்டாமிடம், மே மாதம் நீக்கப்பட்டார். அதே மனிதர், அதே கழகம், அதே அன்பு. ஆனால் பெய்ஸ்லி 1996 இலேயே இறந்துவிட்டார். அந்த அறையும் இல்லை.

லிவர்பூலை விட்டு வெளியே பார்த்தாலும் இவ்வுண்மை மாறுவதில்லை. இத்தாலியின் அரிகோ சாச்சி தொழில்முறை வீரராக ஒருநாளும் ஆடாதவர். சப்பாத்து வியாபாரத்திலிருந்து வந்தவர். அவர் மிலான் கழகத்துக்கு 1989 இலும் 1990 இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றுகொடுத்தார். குதிரை ஓட்டுபவன் முன்னர் குதிரையாக இருந்திருக்க வேண்டியதில்லை என்று அவர் கேலி செய்ததுண்டு. அவரிடம் ஆடியவர் கார்லோ அன்செலோற்றி. பின்னர் இத்தாலிய தேசிய அணியில் அவருக்கு உதவியாளராக இருந்து தொழில் கற்று, பழைய கழகமான மிலானுக்கு 2001 இற் பயிற்றுநராகத் திரும்பி, 2003 இலும் 2007 இலும் கிண்ணம் வென்றார். அந்த அன்செலோற்றி றியல் மட்றிட்டில் இருந்தபோது 2013-14 பருவத்தில் அவருக்கு உதவியாளராக நின்று கற்றவர் ஸினடின் ஸிடான். பின்னர் அக்கழகத்தின் இரண்டாம் அணியை மூன்றாம் தரப் போட்டிகளில் வழிநடத்திவிட்டே 2016 ஜனவரியில் முதலணிக்கு வந்தார். 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பிய வெற்றி. பந்தை மந்திரம்போல் ஆட்டுவித்த ஸிடானின் பயிற்சிப் பரம்பரையைப் பின்னோக்கிச் சென்றால், ஒருநாளும் பெரிய ஆட்டம் ஆடாத ஒரு சப்பாத்து வியாபாரியிடம் போய் நிற்கிறோம். அறிவு காலிலிருந்து காலுக்குத் தாவுவதில்லை. பக்கத்தில் நின்றவரிடமிருந்தே வருகிறது.

பெப் குவார்டியோலாவும் அவ்வாறே. பார்சலோனாவின் பெருமைக்குரிய வீரராக இருந்தவர், 2007-08 இல் அக்கழகத்தின் இரண்டாம் அணியை நான்காம் தரப் போட்டியில், புல் குன்றிய சிறு மைதானங்களில் வழிநடத்தினார். அதற்கு முன்னரே ஆர்ஜென்ரீனா சென்று, வீரராகப் பெரிதும் பேசப்படாத மார்செலோ பியெல்சாவிடம் அமர்ந்து பாடம் கேட்டார். முதலணியைப் பொறுப்பேற்ற முதற் பருவத்திலேயே இலீக், அரசர் கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம் மூன்றும் பெற்றார். இதற்கு நேர்மாறானது யுவென்ரஸ் கழகத்தில் நிகழ்ந்தது. 2020 இல் அந்திரேயா பிர்லோவை இளையோர் அணிக்கென்று நியமித்த நிருவாகம், பத்து நாட்களுக்குள், அவர் ஓர் ஆட்டத்தைத்தானும் நெறிப்படுத்துமுன்னரே, முதலணியை அவர் கையிற் கொடுத்தது. ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து வென்ற இலீக் பட்டம் கைநழுவியது. ஒரு பருவத்தோடு அவர் அனுப்பப்பட்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கழகங்களை உடைமையாக வைத்திருப்போர் பழைய நாயகர்களை அழைப்பது எப்போதும் அவர்களது அறிவுக்காகவன்று. 2009 ஏப்ரில் முதலாம் திகதி, தரமிறங்கும் ஆபத்திலிருந்த நியூகாசில் கழகம், தன் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்த அலன் ஷியறரை அழைத்தது. அந்தப் பருவத்தில் அணியை வழிநடத்திய நான்காமவர் அவர். எஞ்சியிருந்தவை எட்டு ஆட்டங்கள். அவற்றில் வெற்றி ஒன்றே. கழகம் தரமிறங்கிற்று. அந்தப் பருவம் முழுவதும் உடைமையாளர் மீது கொதித்துக்கொண்டிருந்த மக்கள், தாம் போற்றிய நாயகன் அங்கே நின்றமையால் வாய்திறக்கத் தயங்கினர். புகழ் அங்கே கேடயமாயிற்று. கேடயத்தின் வேலை அடிவாங்குவது. அடிவாங்கி முடிந்ததும் அதனை மூலையில் வைத்துவிடுவர்.

மற்றொன்று: யாருடைய புகழ் தகுதியாகக் கொள்ளப்படுகிறது? 1987 இல் டல்கிளிஷ் அழைத்துவந்த ஜோன் பார்ன்ஸ் லிவர்பூலின் ஒப்பற்ற வீரர். கறுப்பினத்தவர் என்பதால் மைதானத்தில் அவர்மீது வாழைப்பழம் எறிந்தனர். பின்னர் பயிற்றுநராகக் கிடைத்த சந்தர்ப்பங்கள் மிகச் சில. தோற்ற கறுப்பினப் பயிற்றுநருக்கு இரண்டாம் வாய்ப்பு எளிதில் வருவதில்லை என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். இங்கிலாந்தின் மைதானங்களிற் கறுப்பின வீரர் பலர். பயிற்றுநர் ஆசனத்திலோ மிகச் சிலர். ஆகவே 'நட்சத்திரங்கள் நல்ல பயிற்றுநராவரா?' என்று கேட்குமுன், அந்த ஆசனத்தருகே செல்லவே விடப்படாதவர் யாவர் என்று கேட்பது அறம்.

இந்த அறத்தைப் பேசும் தகுதி எனக்கு உண்டோ என்பதை இனிச் சொல்கிறேன்.

2002 இல் போர்நிறுத்தம் வந்தது. எங்கள் மைதானத்துப் புற்பற்றைகளை வெட்டித் துப்புரவாக்கினோம். கழகம் மீண்டும் கூடியது, நான் செயலாளர். அடுத்த ஆண்டு நிருவாகக் கூட்டம் வாசிகசாலையில் நடைபெற்றபோது பயிற்றுநர் பற்றிய பேச்சு எழுந்தது. இளைஞன் ஒருவன் சைக்கிள் கடைக்காரரின் பெயரைச் சொன்னான்.

அவர் எங்கள் கழகத்தின் முதற் பதினொருவரில் ஒருநாளும் ஆடியவரல்லர். இளமையில் அவரோடு ஒழுங்கையிற் பந்தடித்தவர்கள் அவருடைய ஆட்டத்தை இன்றும் புகழ்வர். ஏன் அணியிற் சேர்க்கப்படவில்லை என்று எவரும் கேட்டதில்லை. விடை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் பிறந்த சாதியே அந்த விடை. கழகத்தின் யாப்பில் சாதி என்ற சொல்லே கிடையாது. யாப்பில் இல்லாதது வழக்கில் இருந்தது. ஆட்ட நாட்களில் அவர் கோட்டுக்கு வெளியே, பனையடியில் நின்று பார்ப்பார். போர்க்காலத்தில் கழகமே இல்லாதபோது ஊர்ச் சிறுவர்களுக்குப் பந்தடி பழக்கியவர் அவர்தான். கிழிந்த பிளாடருக்குச் சைக்கிள் ரியூப் துண்டை சொலூசன் பூசி ஒட்டுவார். இடதுகாலைப் பழக்குவதற்காகச் சிறுவரின் வலதுகாலில் ரியூப் கீலம் ஒன்றைக் கட்டிவிடுவார். "கட்டின கால் பந்திலை படப்பிடாது" என்பது சட்டம்.

அந்தப் பெயர் சொல்லப்பட்டதும் கூட்டத்தில் ஒரு மௌனம் விழுந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேருள்ள ஆளாப் பாப்பம். பேரைச் சொன்னால்தான் வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை பெடியள் காசு அனுப்புவினம்" என்றார். பேருள்ள ஆள் ஆயத்தமாக இருந்தார். 1970களில் எங்கள் கழகத்தின் சென்ரர் போர்வேட்டாக ஆடி, பின்னர் கொழும்பில் அரசாங்கத் திணைக்களமொன்றின் அணிக்கு ஆடி, ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருந்தார். 'அண்ணை' என்றே எல்லோரும் அழைப்போம். சிறுவனாக இருந்தபோது அவருடைய பூட்ஸைத் தூக்கிச் சென்றதைப் பெருமையாக எண்ணியவன் நான். மறுபேச்சின்றித் தீர்மானத்தை எழுதினேன். காசும் வந்தது.

அண்ணை உண்மையாகவே உழைத்தார். ஆயின் அவருக்குக் கைவந்தது ஒன்றே: தாமே அடித்துக் காட்டுவது. அறுபதை அண்மித்த வயதிலும் அந்தரத்தில் வரும் பந்தை நிலத்தில் விழவிடாமல் கோல் மூலைக்கு அனுப்புவார். பெடியன்கள் கைதட்டுவர், பின்னர் முயல்வர், பந்து வேலிக்கு மேலாற் போகும். "இப்பிடி அடியுங்கோவன்!" என்பார். 'இப்பிடி' என்பதற்கு மேல் அவரிடம் சொல் இல்லை. சொல் இல்லாதபோது கோபம் வந்தது.

மூன்றாம் மாதம் அவர் என்னிடம் ஒரு துண்டுக் கடிதம் தந்தார். சைக்கிள் கடைக்காரரைத் தமக்கு உதவியாளராகக் கழகம் நியமிக்கவேண்டும் என்று இரண்டே வரிகளில், கையொப்பமிட்டு எழுதியிருந்தார். தலைவரிடம் காட்டினேன். "சனம் என்ன சொல்லும்? பாத்துச் செய்யும்" என்றார். பார்த்துச் செய்தேன். அக்கடிதத்தைக் கூட்டத்தில் வாசிக்கவில்லை, குறிப்பேட்டிற் பதியவுமில்லை. சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாதி ஒழிப்பைப் பற்றி மேடைகளில் அரைமணி நேரம் பேசக்கூடிய நான் செய்தது இது. ஒருவன் என்ன எழுதினான் என்பதைப் போலவே எதனை எழுதாமல் விட்டான் என்பதும் அவனைக் காட்டிக்கொடுக்கும்.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சுற்றுப்போட்டியின் முதற் சுற்றிலேயே தோற்றோம். எந்தச் சனம் அவரைத் தோளிற் சுமந்ததோ அந்தச் சனமே கோட்டோரம் நின்று ஏளனம் செய்தது. அண்ணை மைதானத்துப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் பார்க்கச் சென்றேன். விறாந்தையில் இருந்தார். கடிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எழும்பும்போது மெல்லச் சொன்னார்:

"தம்பி, நான் அடிச்ச கோல் எல்லாம் எனக்கு ஞாபகம். எப்பிடி அடிச்சனான் எண்டு கேட்டால் தெரியாது. அவன் வெளியிலை நிண்டு பாத்தவன். அவனுக்குத் தெரியும்."

'அவன்' என்றே சொன்னார். மதிப்பைச் சொல்லும் அந்த வேளையிலும் நாவில் வந்தது ஒருமைதான். அதை அவர் கவனிக்கவில்லை. ஆயினும் நூல் பல கற்ற நான் காணாததை அவர் கண்டுவிட்டார். உள்ளே ஆடியவனின் உடலில் இருப்பது திறமை. வெளியே நிறுத்தப்பட்டவன் கண்ணாற் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது அறிவு. இறுதியாட்டத்திலிருந்து விலக்கப்பட்ட பெய்ஸ்லியும் அவ்வாறுதான் கற்றிருப்பார். இந்த இரண்டும் ஓரிடத்திற் கூடும்போது கழகம் எழுகிறது. லிவர்பூலில் டல்கிளிஷுக்குப் பக்கத்திற் பெய்ஸ்லி நின்றார். எங்கள் டல்கிளிஷும் தம் பெய்ஸ்லியைக் கேட்டார்; கையொப்பமிட்டே கேட்டார். நாங்கள் கொடுக்கவில்லை.

இருவரும் இப்போது உயிருடன் இல்லை. அண்ணையின் படம் வாசிகசாலைச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. மற்றவருடைய படம் எவரிடமும் இல்லை.

சொன்னபடி ஒரு கிழமை கழித்து இளைஞர்கள் வந்தனர். திரும்பி வந்திருக்கும் வீரரை நியமிப்பது தவறில்லை என்றேன். ஆனால் முதலில் ஓராண்டு சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்க அவர் உடன்படுவாரா என்று கேளுங்கள். தோல்வி வந்தால் அதனை நிருவாகமும் சேர்ந்து சுமக்குமா என்று உங்களையே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்குப் பக்கத்தில் யார் நிற்கப் போகிறார்கள் என்று முடிவுசெய்யுங்கள் என்றேன். பின்னர் அலுமாரியிலிருந்து அந்தத் துண்டுக் கடிதத்தை எடுத்துக் கொடுத்து, இங்கு எழுதிய அனைத்தையும் சொன்னேன்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒருவன், "இதைக் குறிப்பேட்டிலை ஒட்டலாமோ சேர்?" என்று கேட்டான்.

"ஒட்டுங்கோ. திகதியை மாத்தாமல் ஒட்டுங்கோ" என்றேன்.

விடைபெறும்போது வாசலில் நின்று மற்றொருவன் ஒரு பெயரைச் சொன்னான். காலையில் வெறுங்காற் சிறுவர்களுக்குப் பழக்கும் ஒருவரின் பெயர் அது. அவரும் எங்கள் முதற் பதினொருவரில் ஆடியவரல்லர். அப்பெயரை நான் இங்கு எழுதவில்லை. அது முதலிற் கழகத்தின் குறிப்பேட்டில் எழுதப்படட்டும்.